வண்டி கிளம்பாததற்கு யார் காரணம்?

(பல்லடத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில் மோட்டார் பட்டறைத் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். மேடையில் பேசிப் பழகியவர்கள். நானோ பட்டறைக்காரன். ஸ்பேனர் பிடித்த கைக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியாது (சிரிப்பு). ஆனாலும் தலைவரவர்கள் "உமக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசும், அதிலே பகுத்தறிவு இல்லையா?" என்று கட்டாயப்படுத்தியதால் வந்து நிற்கின்றேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகின்றேன். அதாவது, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாமல் நின்றுவிடும் காரைப் பற்றிய சங்கதி.

"இது ஒரு பிரசங்கமா? இதைக் கேட்கவா கூட்டத்திற்கு வந்தோம்?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த 'டிக் டிக்' சத்தத்தினால் ஒரு மனுஷியின் மானம் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக் கொண்டு சும்மா நின்றேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன ஆவணியில் இந்தப் பக்கத்தில் ஒரு கலியாணம். ஊர், பேர் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை மண்டபத்திற்குப் புறப்படுகிற நேரம். வாசலில் பூ அலங்காரம் செய்த கார் நிற்கின்றது. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். டிரைவர் சாவியைத் திருப்பினான். 'டிக் டிக் டிக் டிக்' என்றது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினான், மறுபடியும் அதே சத்தம்.

வாசற்படிக்கு எதிரே மாப்பிள்ளையின் அத்தை நின்று கொண்டிருந்தார். புருஷனை இழந்தவர். தாயில்லாத அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தவர் அந்த அம்மாள்தான். தான் வளர்த்த பிள்ளை மாலையும் கழுத்துமாய்ப் புறப்படுவதைப் பார்க்கலாம் என்று வந்து நின்றார். கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, எதுக்க வந்து நின்னா வண்டி எப்படீங்க எடுக்கும்?" என்றார். இன்னொருவர், "கொஞ்சம் உள்ளே போங்க ஆத்தா, நேரமாகுது" என்றார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் கற்பூரம் கொளுத்தினார்கள். வேறு எலுமிச்சம்பழம் கொண்டு வந்து நறுக்கினார்கள். கார் 'டிக் டிக்' என்றே சொல்லிக் கொண்டிருந்தது.

தோழர்களே! அந்தக் கார் என்ன சொல்லிற்று என்பதை இப்பொழுது பார்ப்போம். ஏனென்றால், அது ஊமையாய் இருக்கவில்லை. தன் வியாதி என்னவென்று அது வாய்விட்டே சொல்லிற்று. கேட்கத்தான் ஆளில்லை.

முதலில், கார் எப்படிக் கிளம்புகின்றது? இஞ்சின் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. வெளியிலிருந்து ஒரு சக்தி அதை முதலில் சுற்றிவிட வேண்டும். பழைய காலத்தில் வண்டிக்கு முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டி ஆள் சுற்ற வேண்டும். சில வேளை இஞ்சின் எதிர்த்து அடித்துச் சுற்றியவன் கையை முறித்துவிடும். அப்படிக் கை முறிந்தவர்கள் எத்தனையோ பேர். 1911இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர், 'கையை முறிக்கிற இந்த வேலையை மின்சாரம் செய்தால் என்ன?' என்று யோசித்து, பாட்டரியினால் சுற்றும் மோட்டாரைச் செய்தார். 1912ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் அது வந்தது. அதைத்தான் நாம் இன்று 'செல்ப்' என்று சொல்லுகின்றோம். எந்த மந்திரத்தினாலும் வந்ததல்ல. ஒரு மனிதன் 'ஏன்?' என்று கேட்டதினால் வந்தது.

ஏன் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்? இதோ சூலூர்ப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பார்த்தே இயந்திரத்தின் மர்மத்தைக் கற்றுக்கொண்டவர் என்பது இந்தச் சீமையில் பிரசித்தம். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தார். அவர் பிரித்துப் பார்த்தார். நாம் எலுமிச்சம்பழம் நறுக்கிப் பார்க்கின்றோம். இவ்வளவுதான் வித்தியாசம் (கை தட்டல்).

இப்பொழுது வண்டியின் உள்ளே வருவோம். பாட்டரி என்பது 12 வோல்ட். அதற்குள் ஆறு அறைகள்; ஒவ்வொரு அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் தான் சரக்கு. இந்த ஈய பாட்டரியை 1859இல் பிரான்ஸ் தேசத்து பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அடிப்படை அதுவே.

நீங்கள் சாவியைத் திருப்பினதும் ஒரு சின்ன மின்சாரம் சொலினாய்டு என்கின்ற சுருளுக்குப் போகின்றது. அது காந்தமாகி ஒரு இரும்புக் கட்டையை 'டிக்' என்று இழுக்கின்றது. அந்த ஒரே இழுப்பில் இரண்டு காரியம் நடக்கின்றது. ஒன்று, செல்ப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முன்னே நகர்ந்து இஞ்சினின் பெரிய பல்சக்கரத்தைக் கவ்விக் கொள்ளுகின்றது. மற்றொன்று, பாட்டரியிலிருந்து பெரிய மின்சாரம் மோட்டாருக்குப் பாய்வதற்குக் கதவு திறக்கின்றது. சாதாரணக் காருக்கு 100 முதல் 200 ஆம்பியர் வரை அப்பொழுது ஓடும். பெரிய டீசல் வண்டிக்கு இன்னும் அதிகம். இந்தப் பெரிய மின்சாரம் தடையில்லாமல் ஓடினால் இஞ்சின் சுற்றும். ஓடாவிட்டால் 'டிக்' சத்தம் மட்டுந்தான் மிஞ்சும்.

ஆகவே 'டிக்' என்று கேட்டால் அதற்கு அர்த்தம், சின்ன மின்சாரம் வந்துவிட்டது, பெரிய மின்சாரம் வேலை செய்யவில்லை என்பதுதான். இதில் பெட்ரோலைப் பற்றிப் பேச்சே இல்லை. இஞ்சின் 'கிர்ர் கிர்ர்' என்று நன்றாய்ச் சுற்றியும் தீப்பிடிக்காவிட்டால்தான் பெட்ரோலையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். அது வேறு வியாதி. சுற்றவே சுற்றாத வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவது பசியில்லாதவனுக்குச் சோறு திணிப்பதைப் போன்றது.

இனிச் சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மூன்று தினுசு உண்டு.

ஒன்று: 'டிக் டிக் டிக் டிக்' என்று வேகமாய்த் தொடர்ந்து வருவது. இழுப்புக் கட்டை இழுக்கின்றது, உடனே மோட்டார் மின்சாரத்தைக் கேட்கின்றது, கொடுக்கச் சக்தியில்லாமல் வோல்ட் சரிந்துவிடுகின்றது, காந்தம் விட்டுவிடுகின்றது. விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறுகின்றது, மறுபடி இழுக்கின்றது. வீட்டில் பழைய மின்சார மணி அடிப்பதும் இப்படி இழுப்பதும் விடுவதுமாகத்தான். இந்தச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பாட்டரி இறங்கியிருக்கும், அல்லது பாட்டரி முனையில் பிடிப்பு கெட்டிருக்கும்.

இரண்டு: 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் மௌனம். விளக்கும் மங்கவில்லையென்றால் சொலினாய்டின் உள்ளே தாமிர முனை கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இது உண்மையிலேயே செல்ப் மோட்டாரின் வியாதி. ஆனால் விளக்கும் நன்றாய் மங்கினால், மோட்டாரோ இஞ்சினோ இறுகியிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். முக்கியமாய், மழைக் காலத்தில் பாலத்தடித் தண்ணீரில் இறங்கி வந்த வண்டி 'டக்' என்று நின்றால் மறுபடியும் மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்துக் கொண்டு போங்கள்.

மூன்று: ஒரு சத்தமும் இல்லை. அப்படியானால் சின்ன மின்சாரமே வரவில்லை. பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இக்கால வண்டிகள் சிலவற்றில் கிளச்சை மிதித்தால்தான் செல்ப் எடுக்கும். கியர் தானாக மாறும் வண்டியில் கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தாக வேண்டும். பாட்டரி அடியோடு செத்திருந்தாலும் சத்தம் வராது.

சத்தத்திற்கு அடுத்த சாட்சி விளக்கு. முன் விளக்கைப் போடுங்கள். ஒருவர் வண்டிக்கு முன்னால் நிற்கட்டும். விதவையாய் இருந்தாலும் பாதகமில்லை (சிரிப்பு). இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். விளக்கு ஆரம்பத்திலேயே மங்கலாய் இருந்தால் பாட்டரி இறங்கிவிட்டது. நன்றாய் எரிந்த விளக்கு சாவியைத் திருப்பினதும் அணைந்தே போகிற மாதிரி மங்கினால், பாட்டரியோ அதன் பிடிப்போ குற்றவாளி. 'டக்' சத்தம் கேட்டும் விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவேயில்லை. குற்றம் சொலினாய்டிலோ மோட்டாரிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கின்றது. காலணாச் செலவில்லாத பரீட்சை இது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "விளக்குப் பிரகாசமாய் எரிகின்றது, ஹாரனும் அடிக்கின்றது, அப்புறம் பாட்டரியைக் குறை சொன்னால் எப்படி?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரியாததனால்தான் ஜனங்கள் தெய்வக் குற்றம் என்கிறார்கள். சில பட்டறைக்காரர்கள் புது மோட்டார் மாட்டிவிடுகிறார்கள்.

நம் வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள். மடையில் செத்தையும் மண்ணும் அடைத்துக் கொண்டிருக்கின்றது. ஒரு குடம் மொண்டு கொள்ளுகிற அளவு தண்ணீர் கசிந்து வரும். அதைப் பார்த்துவிட்டு 'வாய்க்கால் ஓடுகின்றது' என்று காட்டுக்குத் தண்ணீர் கட்ட முடியுமா? அப்படித்தான் இதுவும். இரண்டு முன் விளக்குக்கும் வேண்டியது சுமார் 9 ஆம்பியர். செல்ப் மோட்டாருக்கு வேண்டியது 150 ஆம்பியர் என்று வைத்துக் கொள்ளுங்கள். பாட்டரி முனையில் உப்புப் பூத்து நூறில் மூன்று பங்கு ஓம் தடை ஏற்பட்டிருந்தால், விளக்கெரியும்போது அந்த இடத்தில் நஷ்டமாவது கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 150 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் அதே இடத்தில் நாலரை வோல்ட் விழுங்கப்படும். பாக்கியிருப்பதை வைத்துக் கொண்டு மோட்டார் எப்படிச் சுற்றும்? இந்தக் கணக்கை ஜெர்மனி தேசத்து ஓம் என்கின்ற வாத்தியார் 1827லேயே எழுதி வைத்துவிட்டார். இது நல்ல நேரத்திற்கு ஒரு கணக்கு, ராகு காலத்திற்கு ஒரு கணக்கு என்று மாறுவதில்லை.

இறங்கினது பாட்டரியா, கெட்டது பிடிப்பா என்று பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு சின்ன மீட்டர் போதும். மீட்டரின் முனைகளைப் பாட்டரியின் ஈயக் கொம்புகளின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்க வேண்டாம். வண்டி ஓயாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பாட்டரி. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. பிறகு சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பாட்டரியில் சரக்கில்லை. கொம்பில் 12க்குக் குறையாமல் நின்று, விளக்கு மட்டும் அணைந்தால் கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே திருடன் இருக்கிறான். இஞ்சினுக்குப் போகும் எர்த் வயரையும் அதே மாதிரி பார்க்க வேண்டும். ஏனென்றால், மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும்.

வைத்தியமும் சொல்லிவிடுகின்றேன். கழற்றும்போது கறுப்பு, அதாவது நெகடிவ் கிளாம்பை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதையே கடைசியில் பூட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பூத்திருக்கிற இடத்தில் மட்டும் ஊற்றிப் பழைய பிரஷ்ஷினால் தேயுங்கள்; பாட்டரிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஈயம் பளிச்சென்று தெரிந்த பிறகு கிளாம்பை இறுக்குங்கள். கையால் திருகினால் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள், ஈயம் விஷம். மூடி திறக்கிற பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்.

பாட்டரி இறங்கியிருந்தால் இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு எடுக்கலாம். இரண்டும் 12 வோல்ட் பாட்டரியாய் இருக்க வேண்டும். சிவப்பு வயர் செத்த பாட்டரியின் பாசிடிவிலிருந்து நல்ல பாட்டரியின் பாசிடிவுக்கு. கறுப்பு வயர் நல்ல பாட்டரியின் நெகடிவிலிருந்து செத்த வண்டியின் இஞ்சின் இரும்புக்கு, பாட்டரியை விட்டுத் தள்ளி. ஏன் தள்ளி? பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி வயரை வைக்கும்போது பொறி பறக்கும். இரண்டும் சேர்ந்தால் பாட்டரி வெடித்துத் திராவகம் முகத்தில் அடிக்கும். ஆகையால் அங்கே பீடியும் கூடாது, கற்பூரமும் கூடாது. நான் நாத்திகத்திற்காகச் சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்காகச் சொல்லுகின்றேன் (சிரிப்பு, கை தட்டல்). சிவப்பும் கறுப்பும் மாறினால் இக்கால வண்டிகளில் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் எரிந்துபோகும். அது பாட்டரியை விடப் பெரிய செலவு. கியரைக் கையால் போடும் வண்டியானால் இரண்டாவது கியரில் தள்ளியும் எடுக்கலாம்.

வண்டி கிளம்பினதும் மீட்டரை மறுபடி வையுங்கள். இஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் காட்டினால் பொதுவாய் டைனமோ சரி. 12 என்றே நின்றால் பாட்டரிக்குத் தீனி வரவில்லை. பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ பாருங்கள். இதைப் பார்க்காமல் புது பாட்டரி வாங்கி மாட்டினால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். அப்பொழுது 'பாட்டரி வாங்கின நேரம் சரியில்லை' என்று சொல்லுவீர்கள்.

ஒரு வார்த்தை என் தொழிலுக்கு விரோதமாகவும் சொல்லுகின்றேன். சோதித்துப் பார்க்காமல் 'செல்ப் மோட்டார் போச்சு, மாத்திடலாம்' என்று சொல்லுகிற பட்டறைக்காரனுக்கும், சோதித்துப் பார்க்காமல் 'கண்ணேறு பட்டுவிட்டது' என்று சொல்லுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் காரணத்தைத் தேடவில்லை. கைக்கு அகப்பட்ட பதிலைச் சொல்லுகிறார்கள். முதல்வன் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறான். அடுத்தவன் கற்பூரக் காசு வாங்குகிறான். ஆகவே பட்டறையில் நின்று, "எப்படிக் கண்டுபிடித்தீங்க? மீட்டர் வைத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் பாத்தியதை. நல்ல தொழிலாளி கோபித்துக் கொள்ள மாட்டான், சந்தோஷப்படுவான்.

மற்றொரு ஆக்ஷேபணையும் உண்டு. "எங்கள் வண்டி ஒரு நாள் இப்படித்தான் நின்றது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம், உடனே கிளம்பிற்றே!" என்பார்கள். கிளம்பியிருக்கும், நான் மறுக்கவில்லை. களைத்த பாட்டரிக்கு ஐந்து பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும். நீங்கள் பழம் தேடி, கத்தி தேடி, சுற்றிப் போட்டு முடிப்பதற்குள் அந்த ஓய்வு அதற்குக் கிடைத்துவிட்டது. அடுத்த தடவை பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு அதே நேரம் காத்திருந்து பாருங்கள் (நீடித்த சிரிப்பு). நம் பல்லடம் பஸ் நிலையத்தில் ராகு காலத்திலும் எமகண்டத்திலும் தினம் பஸ் புறப்படுகின்றது. எந்த டிரைவராவது பஞ்சாங்கம் பார்த்துச் சாவியைத் திருப்புகிறாரா?

இப்பொழுது கலியாண வீட்டுக்குத் திரும்புவோம். நான் அழைப்பின் பேரில் போனவன், கூட்டத்தில் நின்றேன். பொறுக்க முடியாமல் டிரைவரிடம் முன் விளக்கைப் போடச் சொன்னேன். பிரகாசமாய் எரிந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன். அணைந்தே போயிற்று. பானட்டைத் தூக்கினேன். பாட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருந்தது. அதன் கிளாம்பைத் தொட்டால் கையோடு சுற்றியது. அதில் மெல்லிய வயர் ஒன்று சுருட்டித் தொங்கிற்று. விசாரித்ததில், முதல் நாள் ராத்திரி காருக்குச் சீரியல் பல்பு போடுவதற்காக மாப்பிள்ளையின் சிநேகிதப் பையன் ஒருவன் கிளாம்பைத் தளர்த்தி வயரைச் சொருகியிருக்கிறான். ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் கெட்டவனல்ல, தெரியாதவன். 10ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, ஒரு சொம்பு வெந்நீர், கொஞ்சம் ஆப்ப சோடா. பத்து நிமிஷத்தில் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. எல்லோரும் கை தட்டினார்கள், என்னைப் புகழ்ந்தார்கள், வண்டி போயிற்று.

ஆனால் தோழர்களே! உள்ளே அனுப்பப்பட்ட அந்த அம்மாளை ஒருவரும் கூப்பிடவில்லை. கிளாம்பு தளர்ந்ததுதான் காரணம் என்று நான் சொன்னதை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்டும், 'அப்படியானால் அந்த அம்மாள் காரணமல்லவே' என்று ஒரு வாயும் சொல்லவில்லை. வயரைச் சொருகினது ஆண் பிள்ளை. பழி சுமந்தது பெண் பிள்ளை. மற்றவர்களைச் சொல்லுவானேன்? நானும் சொல்லவில்லை. 'கலியாண வீட்டில் எதற்கு வம்பு' என்று கையைத் துடைத்துக் கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பாட்டரியைச் சரி செய்தேன். பழியைச் சரி செய்யவில்லை.

மனம் கேட்காமல் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "அக்கா, அன்னைக்கு வண்டி நின்னதுக்கு நீங்க காரணமில்லீங்க. கிளாம்பு லூசு" என்று விவரமாய்ச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்லுகின்றேன்:

"தம்பி, நான் பன்னண்டு வருஷமா பனியன் கம்பெனிக்கு வேனிலே போய் வாரனுங்க. காலையிலே ஏழு மணிக்கு அந்த வேனுக்கு எதுக்கதான் நிக்கறேன். அதுக்குள்ளதான் ஏறி உக்கார்றேன். ஒரு நாளும் அது நின்னதில்லீங்க. என்னாலே வண்டி நிக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க. அன்னைக்கு அங்கேயே அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி?"

எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. ஓம் சொன்ன கணக்கு எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஆனால் பகுத்தறிவு யாரிடம் இருந்தது? பன்னிரண்டு வருஷம் தினமும் கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தவர் அவர்தான். தைரியம் இல்லாமல் இருந்தது என்னிடம்தான்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்லிக் கொள்ளுவது இவ்வளவுதான். கைம்பெண் மறுமணத்திற்கு 1856லேயே சட்டம் வந்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகளின் கடமையென்று 1976இல் நிறைவேறிய திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலும் எழுதியாகிவிட்டது. எழுதி என்ன பிரயோஜனம்? வாசலில் வண்டி 'டிக் டிக்' என்றதும் நம் கண் பானட்டுக்குப் போகாமல் எதிரே நிற்கும் பெண்ணிடம் போகிற வரையில் அந்தச் சட்டமெல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். இனி உங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றால் முதலில் விளக்கைப் போடுங்கள். அப்புறம் கிளாம்பை அசைத்துப் பாருங்கள். காரணம் அகப்பட்டதும், அதற்குள் யார் மேலாவது பழி போட்டிருந்தால், வண்டி புறப்படுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, பழி போட்ட அத்தனை பேர் முன்னாலும் 'உங்கள் மேல் குற்றமில்லை' என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நான் செய்யத் தவறியது அது.

நான் சொன்ன வோல்ட் கணக்கையும் பட்டறைக்காரன் சொன்னான் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் வண்டியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். சரியாய் இருந்தால் ஏற்றுக் கொள்ளுங்கள், தவறாய் இருந்தால் நாளைக்குப் பட்டறைக்கு வந்து என்னைக் கேளுங்கள். (கை தட்டல்)